ஒரே கூச்சலில் கவிழ்ந்த ஆளுநர்: ஹோவர்ட் டீன், 2004 (?)

#1 செவ்வந்தி

நேற்றிரவு தூக்கம் வராமல் பழைய காணொளிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2004 ஜனவரி 19, அயோவா மாநிலம், வெஸ்ட் டி மொய்ன் நகரில் ஒரு நடன அரங்கம். சட்டைக் கையைச் சுருட்டிவிட்ட ஒரு மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மாநிலங்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார். தெற்கு கரோலினாவுக்குப் போவோம், ஒக்லஹோமாவுக்குப் போவோம், அரிசோனாவுக்குப் போவோம் என்று ஒவ்வொரு பெயருக்கும் குரல் ஒரு படி ஏறுகிறது. முகம் சிவக்கிறது. கடைசியில் வாஷிங்டனுக்குப் போய் வெள்ளை மாளிகையை மீட்போம் என்று சொல்லிவிட்டு, எந்த எழுத்திலும் அடங்காத ஓர் ஒலியை எழுப்புகிறார். 'யீயாஹ்' என்று எழுதினால் பாதி வரும்.

அவர் வெர்மான்ட் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் அதுவரை முன்னணியில் இருந்தவர். அந்த ஒரு கூச்சலோடு எல்லாம் முடிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? இப்படி ஒரு நொடியில் வாய்ப்பை இழந்த வேறு ஆளுநர்கள் யாராவது உண்டா?

#2 தெற்குவாசல்

ஒரு சின்ன சந்தேகம். ஆளுநர் எப்படி அதிபர் தேர்தலில் நிற்கிறார்? ஆளுநர் என்றால் மேலிடம் அனுப்பி வைக்கிறவர் அல்லவா?

#3 செவ்வந்தி

நம் ஊர்ப் பழக்கத்தில் வரும் குழப்பம். அமெரிக்காவில் ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். வேலையைப் பார்த்தால் நம் முதலமைச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வரவு செலவுத் திட்டம், காவல், பள்ளிக்கூடம் எல்லாம் அவர் தலையில். 'நான் ஒரு மாநிலத்தை நடத்திக் காட்டியவன்' என்று சொல்லிக்கொண்டு அதிபர் பதவிக்கு வருவது அங்கே பழைய பாதை. கார்ட்டர், ரீகன், கிளிண்டன், இளைய புஷ் எல்லாரும் ஆளுநராக இருந்தவர்களே.

#4 கணக்குப்பிள்ளை

டீன் யார் என்று தெரியாமல் அந்தக் காணொளியை மட்டும் பார்ப்பது நாடகத்தின் கடைசிக் காட்சியை மட்டும் பார்ப்பது போல.

தொழிலால் மருத்துவர். வெர்மான்ட்டின் துணை ஆளுநராக இருந்தார். 1991 ஆகஸ்டில் ஆளுநர் ரிச்சர்ட் ஸ்னெல்லிங் திடீரென இறந்தார். செய்தி வந்தபோது டீன் தன் மருத்துவமனையில் ஒரு நோயாளியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அப்படி ஆளுநரானவர், பிறகு ஐந்து தேர்தல்களில் வென்றார். அங்கே ஆளுநர் பதவிக் காலம் இரண்டே ஆண்டு. ஆறு லட்சம் பேர் வாழும் மாநிலம், நம் ஊரில் ஒரு நடுத்தர மாநகராட்சியின் அளவு. வரவு செலவுக் கணக்கில் கறார்ப் பேர்வழி என்று பெயர். 2000இல் ஒருபால் இணையருக்குத் திருமணத்துக்கு இணையான சட்ட அங்கீகாரம் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார், அமெரிக்காவில் அதுவே முதல். அந்த ஆண்டுத் தேர்தல் அவருக்கு எளிதாக இருக்கவில்லை.

2003இல் இராக் போரை எதிர்த்து ஓங்கிப் பேசினார். கெர்ரி, எட்வர்ட்ஸ், கெப்ஹார்ட், லீபர்மேன் ஆகிய போட்டியாளர்கள் நால்வரும் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்துக்கு நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போட்டிருந்தார்கள். கட்சியின் கோபம் முழுக்க இவர் பக்கம் வந்து சேர்ந்தது.

அடுத்தது பணம். என் பெயருக்கு ஏற்ற விஷயம். இவருடைய பிரசார மேலாளர் ஜோ டிரிப்பி இணையத்தை நம்பினார். இணையதளத்தில் ஒரு பேஸ்பால் மட்டையின் படம், பணம் சேரச் சேர மட்டை சிவப்பாக நிறையும். துணை அதிபர் டிக் செய்னி ஓர் இலைக்கு 2,000 டாலர் வாங்கி விருந்து வைத்தபோது, டீன் கணினி முன் உட்கார்ந்து வான்கோழி சாண்ட்விச் தின்னும் படத்தைத் தளத்தில் போட்டு, செய்னியோடு போட்டியாக நிதி கேட்டார்கள். சிறு சிறு தொகையாக வந்து செய்னி விருந்தின் வசூலை மிஞ்சியது. 2003இன் மூன்றாவது காலாண்டில் மட்டும் 1.48 கோடி டாலர். அதுவரை எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் ஒரு காலாண்டில் அவ்வளவு திரட்டியதில்லை. டிசம்பரில் அல் கோர் வந்து ஆதரவு சொன்னார். 2000இல் கோரோடு துணை அதிபர் வேட்பாளராக நின்ற லீபர்மேனும் இதே போட்டியில் இருந்தார், அவருக்கு முன்கூட்டி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்த அவமானத்தைப் பற்றியே தனி இழை தொடங்கலாம்.

#5 பழைய ரேடியோ

செவ்வந்தி, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தலைப்பே தவறு.

தேதியைப் பாருங்கள். அந்தக் கூச்சல் எந்த இரவில் வந்தது? கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் ஓட்டுக்குத் தொடக்கமாக இருந்த அயோவாவின் முடிவு வந்த இரவில். அதாவது எண்ணி முடித்த பிறகு. கெர்ரி 38 சதவீதம், எட்வர்ட்ஸ் 32, டீன் 18. கூச்சலைக் கேட்டுவிட்டு அயோவாவில் ஒருவர்கூட ஓட்டை மாற்றியிருக்க முடியாது. தோற்றவர் கத்தினார். கத்தியவர் தோற்றார் என்று கதையைத் திருப்பிப் போட்டது தொலைக்காட்சி.

அதற்கும் முன்னால், வாக்கெடுப்புக்கு முந்தைய வார இறுதியில் டி மொய்ன் ரெஜிஸ்டர் நாளிதழின் கருத்துக்கணிப்பு வந்தது. கெர்ரி 26, எட்வர்ட்ஸ் 23, டீன் 20, கெப்ஹார்ட் 18. மூன்றாம் இடம் அப்போதே எழுதியாகிவிட்டது.

#6 எதிர்க்கேள்வி

அயோவா ஒரு மாநிலம்தானே ஐயா? எட்டு நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயர். அது வெர்மான்ட்டின் அடுத்த வீடு. பல மாதங்களாக டீன் அங்கே முன்னணி. ஒரு மாநிலத்தில் மூன்றாவதாக வந்தவர் அடுத்ததில் எழுந்த கதைகள் உண்டு. 1992இல் கிளிண்டன் நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டாம் இடம் வந்துவிட்டு, 'மீண்டு வந்த பிள்ளை' என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்டு கட்சியின் வேட்பாளராகவே ஆனார். டீனுக்கு அந்த வழியை அடைத்தது அந்தக் கூச்சல். நான்கே நாளில் தேசியத் தொலைக்காட்சிகள் அதை 633 முறை ஒளிபரப்பின என்று கணக்கு எடுத்திருக்கிறார்கள். 633 முறை காட்டினால் காந்தியும் பைத்தியக்காரராகத் தெரிவார்.

#7 மைக்செட் முருகேசன்

அரசியல் எனக்குத் தெரியாது. முப்பது வருடமாகக் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறேன். அந்தக் காணொளியை என் பையன் காட்டினான். பார்த்தவுடனே எனக்குப் புரிந்தது, இது அந்த மனிதர் தப்பு இல்லை, வயர் போன வழியின் தப்பு.

கையில் பிடித்துப் பேசும் மைக் வாய்க்கு நேரே இருப்பதைத்தான் எடுக்கும். பக்கத்திலும் பின்னாலும் வரும் சத்தத்தைத் தள்ளிவிடும். அப்படி இல்லையென்றால் ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்க் கூவ ஆரம்பிக்கும். அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் வள்ளி திருமணம் நாடகம் போட்டோம். பந்தலில் இரண்டாயிரம் பேர், விசில், குலவை, பக்கத்தில் அதிர்வேட்டு. முருகன் வேடக்காரர் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திப் பாடினார், அப்போதுதான் முன்வரிசைக்கே கேட்டது. வீடியோக்காரர் என் மிக்சரிலிருந்து நேராக ஒரு வயர் எடுத்துப் பதிவு செய்துகொண்டு போனார். மறுவாரம் போட்டுப் பார்த்தால் ஜனங்களின் சத்தமே இல்லை. காலி மைதானத்தில் ஒருவர் வெறி பிடித்துக் கத்துவது போல இருந்தது. வேடக்காரர் என்னை அடிக்க வந்துவிட்டார்.

அந்த அமெரிக்கக்காரர் கையிலும் அதே மாதிரி மைக். வாயைப் பாருங்கள், பிறகு சுற்றி நிற்பவர்களின் வாயைப் பாருங்கள். எல்லாரும் கத்துகிறார்கள், நமக்குக் கேட்பது ஒருவர் குரல்.

#8 பழைய ரேடியோ

முருகேசன் அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. கூச்சலுக்குப் பத்து நாள் கழித்து ஏபிசி தொலைக்காட்சியில் டயான் சாயர் இதைத்தான் எடுத்துக் காட்டினார். கூட்டத்தில் நின்றவர்கள் தங்கள் கையடக்கக் கருவிகளில் எடுத்த பதிவுகளில் டீனின் குரல் ஆரவாரத்துக்குள் மூழ்கிப்போகிறது. அரங்கத்தில் இருந்த பலருக்கு விசேஷமாக எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை. ஆனால் அதற்குள் நியூ ஹாம்ப்ஷயர் முடிந்துவிட்டது.

#9 தெற்குவாசல்

அதிர்வேட்டுப் பக்கத்தில் மைக் செட் போட்ட முருகேசன் அண்ணனுக்கு ஒரு தனி விருது கொடுக்க வேண்டும்.

#10 ஏம்ஸ்வாசி

இந்த இழையில் எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். அந்த ஜனவரியில் நான் அயோவாவில் இருந்தேன். ஏம்ஸ் நகரில் முதுகலை மாணவன். ஓட்டுரிமை கிடையாது, மாணவர் விசா.

அதெல்லாம் கதவு தட்டுகிறவர்களுக்குத் தெரியாது அல்லவா? கடைசி வாரத்தில் எங்கள் குடியிருப்புக்கு ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி போட்ட பிள்ளைகள் வந்தார்கள். டீன் ஆதரவாளர்கள். நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியிருந்தார்கள், அந்தப் படைக்கு 'முழுப் புயல்' என்று பெயர். என் கதவை மூன்று நாளில் மூன்று முறை தட்டினார்கள், மூன்றும் வேறு வேறு ஆள்கள். மூவரிடமும் எனக்கு ஓட்டு இல்லை என்று சொன்னேன். ஒருவன் டெக்சாஸிலிருந்து வந்தவன், அந்தக் குளிருக்கு ஏற்ற கையுறை இல்லாமல் இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றான். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். போர் எப்படித் தவறு என்று முக்கால் மணி நேரம் பேசினான். நான் ஏற்கெனவே அவன் கட்சிதான், ஓட்டுத்தான் இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் அவன் நாலு உண்மையான வாக்காளர்களைப் பார்த்திருக்கலாம்.

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். பிள்ளைகள் எல்லாம் தங்கமானவர்கள், ஆனால் இந்த ஊரில் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்ல வெளியூரிலிருந்து ஏன் வர வேண்டும் என்று கேட்டார். அவர் வீட்டுக்குக் கெர்ரிக்காக வந்து பேசியவர் அதே தெருவில் மூன்றாம் வீட்டுக்காரர்.

அவரோடுதான் வேடிக்கை பார்க்கக் காகஸ் கூட்டத்துக்குப் போனேன். ஒரு பள்ளியின் சாப்பாட்டுக்கூடம். அன்றைக்கு அயோவாவில் ஜனநாயகக் கட்சியின் காகஸ் என்றால் ஓட்டுப்பெட்டி இல்லை, ரகசியமும் இல்லை. ஒவ்வொரு வேட்பாளரின் பெயரும் எழுதிய காகிதம் ஒவ்வொரு மூலையில் ஒட்டியிருக்கும், அந்த மூலையில் போய் நிற்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், மளிகைக்கடைக்காரர், பிள்ளையின் வாத்தியார் எல்லாரும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். வந்தவர்களில் 15 சதவீதம் சேராத மூலை கலைந்துவிட வேண்டும் என்பது அப்போதைய விதி. கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம். அப்போதுதான் உண்மையான தேர்தல் தொடங்கியது. எங்கள் கூடத்தில் கெப்ஹார்ட் மூலை நாலு பேர் குறைவில் கலைந்தது. டீன் மூலையிலிருந்து ஓர் இளைஞன் ஓடி வந்து அழைத்தான். கெப்ஹார்ட் ஆள்கள், பெரும்பாலும் தொழிற்சங்கத்து முதியவர்கள், அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. மொத்தமாக எழுந்து கெர்ரி, எட்வர்ட்ஸ் மூலைகளுக்கு நடந்தார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

டீன் அந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் தோற்றார். அவர் கத்தியதை நான் மறுநாள்தான் பார்த்தேன்.

#11 கணக்குப்பிள்ளை

ஏம்ஸ்வாசி சொன்ன அந்த முதியவர்கள் ஏன் முகத்தைத் திருப்பினார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. டீனும் கெப்ஹார்டும் பல வாரங்களாகத் தொலைக்காட்சி விளம்பரங்களில் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டிருந்தார்கள். கெப்ஹார்டுக்கு அயோவா உயிர்நிலை, பக்கத்து மிசோரிக்காரர், 1988இல் அங்கே வென்றவர். இருவரும் மல்லுக்கட்டியதில் இருவர் மீதும் வெறுப்பு வந்தது. குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான், இங்கே குரங்கு இரண்டு. கெப்ஹார்ட் 11 சதவீதத்தோடு மறுநாளே விலகினார்.

அந்தக் கடைசி இரண்டு மாதங்களில் டீனின் வாயும் சும்மா இருக்கவில்லை. சதாம் பிடிபட்ட இரண்டாம் நாள், இதனால் அமெரிக்காவுக்குப் பாதுகாப்பு கூடவில்லை என்றார். சரியா தவறா என்பது வேறு பேச்சு, நாடே கொண்டாடிக்கொண்டிருந்த வாரத்தில் சொன்னார். பழைய கனடியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அயோவா காகஸையே மட்டமாகப் பேசிய பதிவு ஜனவரி தொடக்கத்தில் வெளியே வந்தது. யாரிடம் ஓட்டுக் கேட்கிறாரோ அவர்களையே! ஓல்வைன் என்ற சிற்றூரில் ஒரு முதியவர் எழுந்து, அண்டை வீட்டானை நேசி என்ற வாக்கை நினைவூட்டி, புஷ்ஷை இவ்வளவு திட்டாதீர்கள் என்றார். டீன் அவரை உட்காரச் சொல்லி அதட்டினார். அதுவும் ஒளிபரப்பானது.

கெர்ரி அதே நேரத்தில் என்ன செய்தார்? கையில் காசில்லை. பாஸ்டன் வீட்டை அடமானம் வைத்துத் தன் பிரசாரத்துக்கே 60 லட்சம் டாலருக்கு மேல் கடன் கொடுத்தார். வியட்நாமில் அவர் ஆற்றிலிருந்து இழுத்துக் காப்பாற்றிய ஒரு வீரர், குடியரசுக் கட்சிக்காரர், கடைசி வார இறுதியில் தானாக வந்து மேடையில் அவரைக் கட்டிப்பிடித்தார். இதற்கு எந்த மட்டைப் படமும் ஈடாகாது.

#12 எதிர்க்கேள்வி

எல்லாம் சரி. ஆனால் நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேள்வி நியூ ஹாம்ப்ஷயர் பற்றியது.

#13 பழைய ரேடியோ

சொல்கிறேன். நியூ ஹாம்ப்ஷயரில் கெர்ரி 38, டீன் 26. அயோவாவில் மூன்றாவதாக வந்து, 633 முறை கேலிக்கு ஆளாகி, எட்டு நாளில் இரண்டாம் இடம். கூச்சல் அவரை முடித்திருந்தால் 26 எங்கிருந்து வரும்?

அவரை முடித்தது கல்லாப்பெட்டி. 2003 முழுவதும் நாலு கோடி டாலருக்கு மேல் திரட்டியவர், அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் அள்ளி இறைத்துவிட்டார். முதல் இரண்டு மாநிலங்களை வென்றால் மற்றவை தானாக வரும் என்பது கணக்கு. ஜனவரி 28 அன்று டிரிப்பி வெளியேறினார். ஊழியர்களின் இரண்டு வாரச் சம்பளம் தள்ளிவைக்கப்பட்டது. பிப்ரவரி 3இல் ஏழு மாநிலங்களில் ஓட்டு, ஒன்றில்கூட அவர் வெல்லவில்லை. விஸ்கான்சினில் வென்றே தீர வேண்டும் என்றார், 18 சதவீதத்தோடு மூன்றாம் இடம். அதே 18! மறுநாள் பிப்ரவரி 18 அன்று வெர்மான்ட்டின் பர்லிங்டன் நகரில் போட்டியிலிருந்து ஒதுங்கினார். அதற்குப் பிறகு மார்ச் 2இல் சொந்த மாநிலம் வெர்மான்ட் மட்டும் அவரை வெற்றி பெறச் செய்தது, போட்டியிலேயே இல்லாதவரை.

#14 எதிர்க்கேள்வி

26ஐ நீங்கள் எழுச்சி என்கிறீர்கள், நான் வீழ்ச்சி என்கிறேன். ஒரு மாதம் முன்பு அவர் அங்கே எங்கே இருந்தார் என்று பாருங்கள். ஆனால் கல்லாப்பெட்டி வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். பணம் இருந்திருந்தால் 633 முறைக்குப் பதில் சொல்ல விளம்பரமாவது போட்டிருக்கலாம்.

இன்னொன்று, ஏம்ஸ்வாசிக்கு: அயோவாவின் 38, 32, 18 எல்லாம் தலைக்கணக்கு அல்ல. மாநில மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளின் கணக்கு. அன்றைக்குக் கூடத்தில் எத்தனை பேர் எந்த மூலையில் நின்றார்கள் என்பதைக் கட்சி வெளியிடவே இல்லை.

#15 ஏம்ஸ்வாசி

தெரியும். எங்கள் கூடத்தில் எண்ணியவர் ஒரு காகிதத் தட்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் கூட்டினார். இரண்டு முறை தப்பாகக் கூட்டினார்.

#16 செவ்வந்தி

அப்படியானால் என் முதல் கேள்விக்கு, ஒரு நொடியில் தோற்ற ஆளுநர் என்று யாருமே இல்லையா?

#17 கணக்குப்பிள்ளை

ஓரளவுக்கு ஜார்ஜ் ராம்னியைச் சொல்லலாம், 2012இல் நின்ற மிட் ராம்னியின் தந்தை. மிச்சிகன் ஆளுநர். 1968 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியில் பெரிய நம்பிக்கை. 1967 செப்டம்பரில் ஒளிபரப்பான டெட்ராய்ட் தொலைக்காட்சிப் பேட்டியில், வியட்நாம் போனபோது ராணுவத் தளபதிகளும் தூதரகத்தாரும் தன்னை மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்றார். அதைக் கேட்டு ஊரே சிரித்தது. 1968 பிப்ரவரி 28இல், நியூ ஹாம்ப்ஷயர் ஓட்டுக்கு முன்பே விலகினார். அவர் சொன்னது பாதி உண்மை என்பதுதான் வேதனை. ராணுவம் பார்வையாளர்களுக்குப் போரை அழகாகக் காட்டியது உண்மையே.

மற்றொருவர் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெரி. 2011 நவம்பர் விவாத மேடையில் மூன்று அரசுத் துறைகளை ஒழிப்பேன் என்றார். வணிகம், கல்வி... மூன்றாவது வரவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார், கடைசியில் 'ஊப்ஸ்' என்றார். மறந்த துறை எரிசக்தி. 2017இல் அதே எரிசக்தித் துறைக்கு டிரம்ப் அவரை அமைச்சராக்கினார். ஆனால் பெரியும் அந்த மேடைக்கு முன்பே கணிப்புகளில் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்.

#18 தெற்குவாசல்

ஒழிக்க நினைத்த துறைக்கே அமைச்சர். சிரித்துக்கொண்டே இரண்டு முறை படித்தேன்.

டீன் பிறகு என்ன ஆனார்?

#19 பழைய ரேடியோ

2005 பிப்ரவரியில் கட்சியின் தேசியக் குழுத் தலைவரானார். தோற்கிற மாநிலம், ஜெயிக்கிற மாநிலம் என்று பார்க்காமல் ஐம்பதிலும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தார். வாஷிங்டன் பெரியவர்கள் காசை வீணடிக்கிறார் என்று சண்டை போட்டார்கள். 2006இல் கட்சி இரண்டு அவைகளையும் பிடித்தது. 2008இல் ஒபாமா இணையத்தில் சிறு தொகை திரட்டியதும் அயோவாவில் ஆள் சேர்த்ததும் டீன் போட்ட கோட்டின் மேல்தான். ஒரு வித்தியாசம், ஒபாமா அயோவாவில் உள்ளூர் அலுவலகங்களைத் திறந்து பல மாதம் உட்கார்ந்திருந்தார்.

#20 மைக்செட் முருகேசன்

யாருக்காவது அந்தக் கூட்டத்துக்குள் நின்று எடுத்த பதிவு கிடைத்தால் இங்கே போடுங்கள். வயர் வழி வந்ததையும் அதையும் ஒன்றாக வைத்து என் பையனுக்குக் காட்ட வேண்டும். மிக்சரில் கூட்டத்துக்கென்று தனி மைக் ஒன்று தொங்கவிடு என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

#21 செவ்வந்தி

நெறியாளர் ஐயா, தலைப்பை மாற்ற முடியுமா? இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. (சிலேடை தானாக வந்தது, மன்னிக்கவும்.)

#22 நெறியாளர்

பதில்கள் வந்துவிட்ட இழையின் தலைப்பை மாற்றுவது நம் விதிகளில் இல்லை. மாற்றினால் முதல் பத்துப் பேர் எதை எதிர்த்து எழுதினார்கள் என்பது புதிதாக வருகிறவருக்குப் புரியாது. கடைசியில் ஒரு கேள்விக்குறி மட்டும் சேர்த்திருக்கிறேன்.